குடும்ப டாக்டர், மத்திய அமைச்சர், மறுபடியும் டாக்டர்: ஜேன் ஃபில்பாட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜேன் ஃபில்பாட் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குடும்ப டாக்டராக இருந்தவர். 2015-இல் முதன்முறையாக மத்தியத் தேர்தலில் நின்று வென்றார். வாக்கு எண்ணி முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நாட்டின் சுகாதார அமைச்சராகப் பதவியேற்றார். அடுத்த நான்கு வருடங்களுக்குள் மூன்று துறைகள், ஒரு ராஜினாமா, கட்சியிலிருந்து நீக்கம், சுயேச்சையாக நின்று தோல்வி என எல்லாம் நடந்து முடிந்தது. மருத்துவர்கள் அரசியலுக்கு வரலாமா என்ற பேச்சு கனடாவில் எழும்போதெல்லாம் அவர் பெயர் அடிபடும். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

அரசியலுக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

1960-இல் பிறந்தவர். அப்பா பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகர். 1984-இல் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, ஒட்டாவாவில் குடும்ப மருத்துவத்தில் பயிற்சி முடித்து, டொராண்டோவில் வெப்பமண்டல நோய்களைப் பற்றியும் படித்தார். பிறகு கணவர் பெப் ஃபில்பாட்டோடு மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜருக்குப் போனார். 1989 முதல் 1998 வரை வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது.

ஊர் திரும்பியதும் டொராண்டோவுக்கு வடக்கே ஸ்டஃப்வில் பகுதியில் குடும்ப மருத்துவராக வேலை. 2008 முதல் 2014 வரை மார்க்கம் ஸ்டஃப்வில் மருத்துவமனையில் குடும்ப மருத்துவத் துறையின் தலைவர். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். எத்தியோப்பியாவில் முதல் குடும்ப மருத்துவப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்க அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்துக்குக் கைகொடுத்த குழுவிலும் இருந்தார். ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக, மருத்துவர்கள் தங்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுக்கும் இயக்கம் ஒன்றை 2004-இல் தொடங்கினார். அதில் பல மில்லியன் டாலர் சேர்ந்தது.

நைஜரில் என்ன நடந்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் நைஜரில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஐந்து வயதைத் தொடவில்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, தட்டம்மை, ஊட்டச்சத்துக் குறைவு: எல்லாமே தடுக்கக்கூடியவை, அல்லது சில ரூபாய் மருந்தில் தீரக்கூடியவை. ஆனால் நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவே பல மைல் மணல். ஃபில்பாட் நோயாளிகளைப் பார்த்ததோடு, கிராமத்து ஆட்களுக்கே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுக்கும் வேலையிலும் இறங்கினார். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குழந்தைக்கு எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அந்த ஊரில் சில குழந்தைகள் பிழைக்கும்.

1991-இல் அவருடைய மூத்த மகள் எமிலிக்குக் காய்ச்சல் வந்தது. மெனிங்கோகாக்கல் கிருமி ரத்தத்தில் பரவும் நோய். சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். எமிலிக்கு அப்போது இரண்டரை வயது, பிழைக்கவில்லை. மருத்துவரான தாயாலேயே காப்பாற்ற முடியாத நிலை. அதற்குப் பிறகும் அந்தக் குடும்பம் நைஜருக்குத் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தது. இதைப் பற்றி அவர் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

குடும்ப மருத்துவர் என்றால் நம் தெருமுனை கிளினிக் டாக்டர் மாதிரிதானே?

ஓரளவுக்கு. ஆனால் கனடாவில் அது தனிப் பயிற்சி உள்ள துறை. மருத்துவப் படிப்புக்கு மேல் பொதுவாக இரண்டு வருடம். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு நோயாளிப் பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலில் இருப்பவர்களை வருடக்கணக்கில் அவர்தான் பார்ப்பார். ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பதற்கும் பெரும்பாலும் அவர் கடிதம் வேண்டும். அதனால் குடும்ப டாக்டர் கிடைக்காதவருக்கு அந்த அமைப்பின் வாசலே திறக்காத மாதிரி. அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

நன்றாக நடந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஏன் அரசியல்?

குடும்ப மருத்துவத்தில் ஒரே மனிதரைப் பத்து, பதினைந்து வருடம் பார்க்கிறோம். ஆஸ்துமா என்று வரும் குழந்தையின் வீட்டுச் சுவரில் பூஞ்சை இருப்பது தெரியவரும். சர்க்கரை கட்டுப்படாத ஆளுக்கு இரண்டு ஷிஃப்ட் வேலை, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது என்பது தெரியவரும். மருந்துச் சீட்டில் எழுத முடியாத காரணங்கள் இவை. வீடு, வருமானம், தண்ணீர், படிப்பு எல்லாம் அரசு முடிவுசெய்யும் விஷயங்கள். நோயின் மூலத்தைத் தேடிப் போனால் அது கடைசியில் அரசாங்கத்தின் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

ஃபில்பாட் அரசியலுக்கு வந்ததற்கு அவரே சொன்ன காரணமும் ஏறத்தாழ இதுதான். 2012-இல் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் காரணங்களைப் பற்றி அவர் பேசுவது இன்னும் அதிகமானது.

தேர்தல் அனுபவமே இல்லாமல் எப்படி ஜெயித்தார்?

2015 அக்டோபர் 19 தேர்தலில் ஜஸ்டின் ட்ரூடோ தலைமையிலான லிபரல் கட்சிக்குப் பெரிய அலை அடித்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் மார்க்கம்–ஸ்டஃப்வில் தொகுதி சுலபமான இடம் கிடையாது. எதிரே நின்றவர் பால் கலாண்ட்ரா, அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் நாடாளுமன்றச் செயலாளர், நாடறிந்த கன்சர்வேட்டிவ். ஃபில்பாட் ஏறக்குறைய பாதி வாக்குகளை அள்ளினார். அந்த ஊரில் பதினைந்து வருடத்துக்கும் மேலாக நோயாளிகளைப் பார்த்தவர். கதவைத் தட்டினால் பல வீடுகளில் முகம் தெரியும்.

மார்க்கம் நகரில் ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள் என்பதால் தமிழ் வானொலிகளிலும் பத்திரிகைகளிலும் அந்தப் பகுதித் தேர்தல்கள் எப்போதும் பேசப்படும்.

டாக்டரே சுகாதார அமைச்சர் ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிகள் எல்லாம் அவர் கையில்தானே?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

கனடாவில் மருத்துவமனைகளை நடத்துவது, டாக்டர்களுக்குச் சம்பளம் கொடுப்பது எல்லாம் மாகாண அரசுகளின் பொறுப்பு. மத்திய அரசு பணத்தில் ஒரு பங்கைத் தரும். 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டத்தின்படி, நோயாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது போன்ற நிபந்தனைகளை வைக்கும். மருந்துகளுக்கு அனுமதி தரும். தலைநகர் ஒட்டாவாவில் உட்கார்ந்துகொண்டு ஸ்டஃப்வில்லில் ஒரு நர்ஸைக்கூட நியமிக்க முடியாது.

 சுகாதார அமைச்சராக ஃபில்பாட்டின் கையிலிருந்த ஆயுதம் நிதிதான். மாகாணங்கள் எல்லாம் சேர்ந்து கூடுதல் தொகை கேட்டன. மத்திய அரசு ஒவ்வொரு மாகாணத்தோடும் தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் போட்டது. வீட்டிலேயே கிடைக்கும் பராமரிப்புக்கும் மனநலத்துக்கும் என்று பத்து வருடங்களுக்கு 1,100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. எதற்கு என்று பெயரிட்டுக் கொடுத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். பொதுவாகக் கொடுத்திருந்தால் மனநலத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்பது சந்தேகம்தான்.

அந்தத் துறையில் வேறென்ன செய்தார்?

பதவியேற்ற உடனேயே சிரிய அகதிகளை வரவேற்கும் அமைச்சர்கள் குழுவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். 2016 பிப்ரவரி முடிவதற்குள் 25,000 பேர் வந்து சேர்ந்தார்கள். 2012-இல் முந்தைய அரசு அகதிகளின் மருத்துவச் செலவுத் திட்டத்தை வெட்டியபோது டாக்டர்கள் வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கிப் போராடியிருந்தார்கள். 2016 ஏப்ரலில் அந்தத் திட்டம் முழுமையாகத் திரும்பியது. அகதியாக வந்து இறங்கிய எந்தக் குடும்பத்துக்கும் அதன் அருமை தெரியும்.

அப்புறம் போதை மருந்து மரணங்கள். ஃபென்டனில் என்ற கடும் வீரியமுள்ள வலிநிவாரணி கலந்த சரக்கால் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. போதை மருந்து அளவு மீறியவரின் உயிரைக் காக்கும் நலாக்சோன் மருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்க வழி செய்யப்பட்டது. மேற்பார்வையோடு ஊசி போட்டுக்கொள்ளும் மையங்களைத் திறக்க முந்தைய சட்டம் போட்டிருந்த முட்டுக்கட்டைகள் 2017-இல் தளர்த்தப்பட்டன. போதைக்கு அடிமையானவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு டாக்டர் அமைச்சரவைக்குள் இருந்து சொன்னது கனமான விஷயம். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் மசோதா வரும் என்று 2016 ஏப்ரல் 20-இல் ஐ.நா.வில் அறிவித்தவரும் அவரே.

மருத்துவ உதவியோடு உயிர்விடும் சட்டத்தை ஒரு டாக்டரே கொண்டுவந்தது முரண் இல்லையா?

அதைக் கொண்டுவரும்படி நிர்ப்பந்தித்தது உச்ச நீதிமன்றம். தாங்கமுடியாத வேதனையில் இருப்பவருக்கு டாக்டர் உதவுவதைக் குற்றமாக்கும் சட்டம் செல்லாது என்று 2015 பிப்ரவரியில் தீர்ப்பு வந்துவிட்டது. சட்டம் இல்லாமல் விட்டால் ஒவ்வொரு டாக்டரும் தானாக முடிவெடுக்க வேண்டிய நிலை. நீதி அமைச்சர் ஜோடி வில்சன்-ரேபோல்டும் ஃபில்பாட்டும் சேர்ந்து மசோதாவை நகர்த்தினார்கள். 2016 ஜூன் 17-இல் சட்டமானது. போதகர் வீட்டுப் பெண், நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர், டாக்டர். இந்த மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு இது லேசான வேலையாக இருந்திருக்காது. இந்த இரண்டு பெண்களுக்கும் இடையே வளர்ந்த நட்பு பின்னால் முக்கியமாகப் போகிறது.

கார் செலவு சர்ச்சை உண்மையா?

உண்மை. 2016-இல் சொகுசுக் கார் சேவைக்கு அரசுப் பணம் செலவானது வெளியே வந்தது. தேர்தலில் தனக்கு வேலை செய்த ஒருவரின் நிறுவனம் அது. மன்னிப்புக் கேட்டு, சுமார் 3,700 டாலரைத் திருப்பிக் கட்டினார்.

பூர்வகுடி மக்களுக்கான துறைக்கு மாற்றியது பதவி இறக்கமா?

வெளியிலிருந்து பார்த்தவர்கள் சிலர் அப்படி நினைத்தார்கள். எனக்கு அவருடைய அரசியல் வாழ்க்கையின் உச்சமே அதுதான்.

2017 ஆகஸ்டில் பழைய பூர்வகுடி விவகாரத் துறையை இரண்டாகப் பிரித்தார்கள். உரிமை, உடன்படிக்கை சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு பக்கம். தண்ணீர், வீடு, மருத்துவம், குழந்தைகள் நலம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதுதான் ஃபில்பாட்டிடம் வந்தது. ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பூர்வகுடி மக்கள் விஷயத்தில் மாகாணத்தைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது, மத்திய அரசே நேரடிப் பொறுப்பு. சுகாதார அமைச்சராக இருந்தபோது கிடைக்காத நேரடி அதிகாரம் இங்கே கிடைத்தது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 2015 நவம்பரில் 105 பொதுக் குடிநீர் அமைப்புகளில் நீண்டகால எச்சரிக்கை அமலில் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் அது நீண்டகால எச்சரிக்கை. சில ஊர்களில் இருபது வருடத்தையும் தாண்டியிருந்தது. உலகின் நன்னீரில் பெரும் பங்கை வைத்திருக்கும் நாட்டில், ஒரு தாய் குழாயைத் திறந்து பிடித்த தண்ணீரை ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து, ஆறவைத்து, அப்புறம்தான் குழந்தைக்குப் பால் கலக்க முடியும். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். 2021 மார்ச்சுக்குள் எல்லா எச்சரிக்கையையும் நீக்குவோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. பாதிக்கு மேல் நீங்கின, ஆனால் கெடு தவறியது.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். 2016 கணக்கெடுப்பின்படி பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடியினர் 8 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வளர்ப்பு வீடுகளில் இருந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் அவர்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த பழைய கொடுமை வேறு பெயரில் தொடர்வதை இந்தக் கணக்கே காட்டுகிறது. ஃபில்பாட் இதை மனிதாபிமான நெருக்கடி என்றே அழைத்தார். 2018 ஜனவரியில் பூர்வகுடித் தலைவர்களையும் மாகாண அமைச்சர்களையும் அவசரக் கூட்டத்துக்கு அழைத்தார். குழந்தைகள் நலத்தில் தங்களுக்கான சட்டத்தைப் பூர்வகுடி சமூகங்களே வகுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 2019-இல் நிறைவேறியது. அதற்குள் அவர் அந்தத் துறையில் இல்லை, ஆனால் அடித்தளம் போட்டது அவர் காலத்தில்.

காசநோயும் உண்டு. கனடாவில் பிறந்த பூர்வகுடி அல்லாதோரைவிட, வட முனைப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் காசநோய் ஏறக்குறைய 300 மடங்கு. நெரிசலான வீடுகள், பசி, தொலைவு. 2030-க்குள் அதை ஒழிப்பது என்று 2018-இல் இனுயிட் தலைவர்களோடு சேர்ந்து இலக்கு அறிவித்தார். நைஜரில் பார்த்த அதே காரணங்களை ஒரு பணக்கார நாட்டின் வட முனையில் மறுபடி பார்த்திருப்பார்.

பிறகு ஏன் ராஜினாமா செய்தார்?

மான்ட்ரியாலின் எஸ்.என்.சி-லாவலின் என்ற பெரிய பொறியியல் நிறுவனத்தின் மீது, லிபியாவில் லஞ்சம் கொடுத்ததாக 2015-இல் வழக்குப் பதிவானது. குற்றத் தீர்ப்பு வந்தால் அரசு ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போகும். விசாரணைக்குப் பதிலாக அபராதத்தோடு முடித்துக்கொள்ளும் வழி 2018-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் அரசு வழக்குத் தொடரும் அலுவலகம் அந்த வழியை இந்த நிறுவனத்துக்குத் தர மறுத்தது. அதில் தலையிடும்படி பிரதமர் தரப்பிலிருந்து தனக்குத் தொடர் அழுத்தம் வந்தது என்றார் வில்சன்-ரேபோல்ட். அவர் அப்போது நீதி அமைச்சர், அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் இரண்டும்.

2019 ஜனவரி 14-இல் அவரை முன்னாள் ராணுவத்தினர் நலத் துறைக்கு மாற்றினார்கள். அதே நாளில் ஃபில்பாட், அரசின் செலவுகளைக் கவனிக்கும் கருவூல வாரியத்தின் தலைவரானார். பிப்ரவரியில் செய்தி வெடித்தது, வில்சன்-ரேபோல்ட் விலகினார், நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். மார்ச் 4-இல் ஃபில்பாட்டும் அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். இந்த விவகாரத்தை அரசு கையாண்ட விதத்தில் நம்பிக்கை போய்விட்டது என்று கடிதத்தில் எழுதினார்.

தன் துறைக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்துக்கா பதவியை விட்டார்?

அமைச்சரவையில் இருப்பவர் எல்லா முடிவுக்கும் கூட்டாகப் பொறுப்பு. வெளியே வந்து அரசை ஆதரித்துப் பேசித்தான் ஆகவேண்டும். அவரால் மனசாட்சியோடு அப்படிப் பேச முடியவில்லை. பேச முடியாதவர் விலகுவதுதான் அந்த மரபு.

அவர் நடந்துகொண்டதை நியாயம் என்றே கருதுகிறேன். 2019 ஆகஸ்டில் நெறிமுறை ஆணையர், பதவியில் இருப்பவரின் சொந்த நலனும் கடமையும் மோதக்கூடாது என்னும் நலமுரண் சட்டத்தைப் பிரதமர் மீறினார் என்று அறிக்கை கொடுத்தார். அந்த டிசம்பரில் நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவு மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 28 கோடி டாலர் அபராதம் ஏற்றது. ஆனாலும் மனதை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. தண்ணீருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அவரை நம்பியிருந்த சமூகங்கள் அமைச்சரவைக்குள் தங்கள் குரலை இழந்தன. அந்த நஷ்டம் உண்மையானது. அதற்கான பழியை விலகியவர் மேல் போடுவதைவிட, அவரை விலகும் நிலைக்குத் தள்ளியவர்கள் மேல் போடுவதே சரி.

கட்சியிலிருந்து நீக்கியது சட்டப்படி சரியா?

2019 ஏப்ரல் 2-இல் இருவரையும் லிபரல் நாடாளுமன்றக் குழுவிலிருந்து ட்ரூடோ நீக்கினார். உறுப்பினர்களை நீக்குவதில் தலைவருக்கு உள்ள அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் கனடாவில் உண்டு. அவற்றின்படி வாக்கெடுப்பு நடக்கவில்லை என்று ஃபில்பாட் அவையில் எழுந்து கேட்டார். அது தன் அதிகார வரம்பில் இல்லை என்று சபாநாயகர் முடித்துவிட்டார்.

சுயேச்சையாக நின்றபோது மக்கள் ஏன் கைவிட்டார்கள்?

2019 அக்டோபர் 21 தேர்தலில் அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகள் கிடைத்தன. எந்தக் கட்சியும் பின்னால் இல்லாத ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஜெயித்தவர் லிபரல் வேட்பாளர் ஹெலினா யாச்செக், அவரும் ஒரு டாக்டர்தான். வான்கூவரில் வில்சன்-ரேபோல்ட் சுயேச்சையாகவே வென்றார். ஆக, மக்கள் ஒட்டுமொத்தமாக மறுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கனடாவில் பலர் ஓட்டுப் போடுவது எந்தக் கட்சி ஆளவேண்டும் என்று பார்த்து. டாக்டரம்மா நல்லவர் என்று சொல்லிக்கொண்டே கட்சிக்குக் குத்திவிட்டுப் போகிறவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள்.

தோற்றபின் என்ன ஆனார்?

மருத்துவத்துக்குத் திரும்பினார். வடக்கு ஒன்டாரியோவின் நிஷ்னாவ்பே அஸ்கி பூர்வகுடி அமைப்புக்குச் சுகாதார ஆலோசகரானார். 2020 வசந்தத்தில், மார்க்கமில் மாற்றுத்திறனாளிகள் வாழும் இல்லம் ஒன்றில் கோவிட் பரவி, வசித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று வந்தது. பயத்தில் ஊழியர்கள் பலர் வேலைக்கு வரவில்லை. ஃபில்பாட் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு அங்கே போய் வேலை செய்தார். அந்த வருடம் ஜூலையில் கிங்ஸ்டனில் இருக்கும் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் பிரிவுக்குத் தலைவரானார். குடும்ப மருத்துவர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு தனி மருத்துவப் படிப்பு அவர் காலத்தில் அங்கே தொடங்கியது.

இப்போது எந்தக் கட்சியில் இருக்கிறார்?

கட்சிப் பதவி எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் ஒன்டாரியோ மாகாண அரசு, ஆரம்ப சுகாதாரச் சேவைக்கான செயற்குழுவுக்கு அவரைத் தலைவராக்கியது. அது மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் கன்சர்வேட்டிவ் அரசு. 2015-இல் அவரிடம் தோற்ற பால் கலாண்ட்ராவும் அதே அரசில் அமைச்சர்.

வேலை இதுதான்: 2029-க்குள் மாகாணத்தில் எல்லோருக்கும் ஒரு குடும்ப டாக்டரோ, நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் தகுதியுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ கிடைக்கவேண்டும். அதற்கு 2025 ஜனவரியில் 180 கோடி டாலர் அறிவித்தார்கள். ஒரு வட்டாரத்துக்கு வீடு மாறி வந்தால் அங்குள்ள அரசுப் பள்ளி நம் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறது அல்லவா, அதேபோல அந்த வட்டாரத்துக் கிளினிக்கும் நம் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் பல வருடமாகச் சொல்லிவரும் யோசனை. டாக்டர், நர்ஸ், உணவு ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கிளினிக். பணம் வந்திருக்கிறது, ஆள்தான் பற்றாக்குறை. வெளிநாட்டில் படித்துவிட்டுப் பயிற்சி இடத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் டாக்டர்கள் அந்த மாகாணத்தில் ஏராளம், அவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களை எவ்வளவு சீக்கிரம் உள்ளே எடுக்கிறார்கள் என்பதைத்தான் இனி கவனிக்க வேண்டும்.